பிரக்கிராசி வீட்டுக்கு வந்த சுங்குடிச் சேலை

பதுளைக் கடைவீதியில் துப்பறியும் நல்லையாவைத் தெரியாதவர் கிடையாது. அவரோடு கூடவே அலைகிற வீரசிங்கத்தை, அதாவது என்னை, தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருகிறேன். அவர் முன்பு கோர்ட்டில் மொழிபெயர்த்துச் சொல்கிற துபாஷாக இருந்தவர். நான் அப்போது அதே கோர்ட்டில் பங்கா விசிறி இழுத்தேன். அவர் வேலையை விட்டபோது நானும் விட்டேன். ஊர் அவரை 'ஐயா' என்றது. அவருக்குக் குடை பிடிக்கிற என்னை 'ஏய், குடை' என்றது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

1911-ஆம் வருஷம் தை மாதம், ஒரு சனிக்கிழமை காலை. லிங்கத்தின் ஜவுளிக்கடைக்குப் பின்கட்டில் உட்கார்ந்திருந்தோம். நல்லையாவுக்கு வெள்ளித் தம்ளரில் காப்பி வந்தது. எனக்குப் பித்தளை. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

"ஐயா, எம் பொஞ்சாதி என் குடியைக் கெடுத்துட்டா" என்றார் லிங்கம். கடைவீதியில் பெரிய கை, நாற்பது வயது, கழுத்தில் தங்கச் சங்கிலி. முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. "வாசல்ல வண்டி நிக்கிது பாருங்க. அவளை மடுல்சீமையில அவ அண்ணன் வீட்டுக்கு அனுப்பப் போறேன். அதுக்கு முந்தி நீங்க ஒரு தடவை விசாரிச்சிருங்க. நாளைக்கு யாரும் லிங்கம் அவசரப்பட்டுட்டான்னு சொல்லக் கூடாது."

வாசலில் கூடாரம் போட்ட மாட்டு வண்டி நின்றது. உள்ளே ஒரு தகரப் பெட்டியும் ஏறியாகிவிட்டது.

விஷயம் இதுதான். ஹாலிஎலவில் லிங்கம் ஒரு காணி வாங்கி, மனைவி வடிவம்மா பேருக்கு எழுதி வைத்திருந்தார். கீழே வயல், மேலே கொஞ்சம் தேயிலை. அதற்கு மேலே இருக்கிற வெள்ளைக்காரத் தோட்டத்தார் ஓடையைத் தங்கள் பக்கம் திருப்பிவிட்டு, காணியில் பாதி தங்களுடையது என்று வழக்கும் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை கோர்ட்டில் விசாரணை. அன்றைக்கு வாதாட ஆள் இல்லையென்றால் காணி போச்சு.

பதுளையில் பிரக்கிராசிமாருக்கு, அதாவது வக்கீல்மாருக்கு, பஞ்சமில்லை. அடிதடி, களவு, கள்ளுக்கடைச் சண்டை எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. ஆனால் மண்ணும் தண்ணீரும் தெரிந்த பிரக்கிராசி ஒரே ஒருவர்தான், கிழட்டுப் பறங்கித் துரை கெல்லர். ஒருமுறை தேயிலைச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கிக் கோர்ட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்து, அதன் கவாத்து வெட்டுத் தழும்புகளைக் காட்டியே அதை நட்டது யார் காலத்தில் என்று நிரூபித்தவர். நீதவான் மேசை முழுக்க மண். வழக்கு ஜெயித்தது. அப்படிப்பட்ட ஆளை எதிராளிக்கு முந்திப் பிடிக்க வேண்டும் என்று எல்லாரும் ஓடுவார்கள்.

லிங்கம் முந்திவிட்டார். கெல்லரை அமர்த்துகிற முறையே வேறு. பித்தளைத் தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்க வேண்டும். அவர் ஒரு வெற்றிலை எடுத்து மென்றுவிட்டால் அவர் நம் ஆள். வழக்கு முடியும் வரைக்கும் தட்டம் அவர் அலமாரியில் இருக்கும். யாராவது நடுவில் தட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டால், கணக்குத் தீர்ந்தது, அவர் யார் பக்கமும் போகலாம்.

"நேத்து வெள்ளிக்கிழமை நான் கடையில இருந்த நேரம் பாத்து இவ பிரக்கிராசி வீட்டுக்குப் போயிருக்கா" என்றார் லிங்கம். "நாங்க தோட்டத்தோட சமாதானமாப் போயிட்டோம்னு சொல்லித் தட்டத்தைத் திருப்பி வாங்கிட்டு வந்துட்டா. துரை சொல்றாரு, சிவப்புச் சுங்குடிச் சேலையாம். பதுளையில அந்தச் சேலை வேற யாருகிட்ட இருக்கு? நான் மதுரையிலருந்து எடுத்துட்டு வந்தது. வந்து தேடினா தட்டம் இவ பெட்டிக்கு அடியில கெடக்கு!"

"ஏன் செஞ்சாங்களாம்?"

"அவ அண்ணன் பொன்னையா மடுல்சீமையில கங்காணி. அந்தத் தோட்டத்துத் துரையும் இந்தத் தோட்டத்துத் துரையும் ஒரே கூட்டம். அண்ணனுக்கு நல்ல பேர் வாங்கிக் குடுக்கத்தான்."

நல்லையா கதவுப் பக்கம் திரும்பினார். கதவுக்குப் பின்னால் வடிவம்மா நின்றாள். சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது.

"நீங்க போனீங்களாம்மா?"

"நான் போகலைங்க. இவங்க நம்பலைன்னா நான் என்ன சொல்றது?"

அழவில்லை, கத்தவில்லை. எனக்கு லிங்கத்தின் மேல் பொல்லாத பொறாமை வந்தது. என்னைப் போன்றவனுக்கு ஒரு சமையல்காரி கூட ஒழுங்காகக் கிடைப்பதில்லை. இந்த மனுஷனுக்கு இப்படி ஒருத்தி கிடைத்து, அவளை வண்டியில் ஏற்றப் பார்க்கிறான்.

முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் லிங்கத்தின் தம்பி ஜெயராசாவின் மனைவி ராமலட்சுமி. பக்கத்துக் கட்டில்தான் குடியிருப்பு. ஜெயராசா ஹாலிஎலவில் காணிக்குக் காவல் இருந்தான். இவள் சுளகைத் தட்டிக்கொண்டே எங்கள் காதில் விழுகிற மாதிரிப் பேசினாள்.

"காணி வாங்கினா மூத்தவங்க அவுக பேருக்குத்தான் எழுதுவாங்க. சேலை எடுத்தா அவுகளுக்குத்தான் சுங்குடி. எங்களுக்கு எல்லாம் மலிவுச் சீத்தைத் துணி. இப்ப பாருங்க, தாங்கின கையையே கடிச்சாச்சு!"

"சும்மா இருடி" என்று ஒரு குரல் கேட்டது. லிங்கத்தின் அக்கா வள்ளியம்மை. வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. புருஷன் போய்ப் பல வருஷம். அவள்தான் காப்பி கொண்டுவந்தவள். "வந்தவங்க முன்னால என்ன பேச்சு? லிங்கம், காப்பி ஆறுது, குடி." லிங்கம் சின்னப் பிள்ளை மாதிரி எடுத்துக் குடித்தார்.

நாங்கள் கெல்லர் வீட்டுக்கு நடந்தோம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நல்லையாவுக்கு முந்திக்கொண்டு குற்றவாளியைக் கண்டுபிடித்திருந்தேன்.

"அண்ணே, ராமலட்சுமிதான்" என்றேன்.

"ஏன்?"

"பொறாமையைச் சுளகுல வச்சுப் புடைக்கிறாளே, பாக்கலையா? கொடியில காயுற சேலையை எடுத்துக் கட்டிக்கிட்டு, முக்காட்டைப் போட்டுக்கிட்டுப் போயிருக்கா. திரும்பி வந்து தட்டத்தை ஓரகத்தி பெட்டிக்கு அடியில தள்ளிட்டா. காணியும் போகும், ஓரகத்தியும் போவா. ஒரே கல்லு."

"நல்லா இருக்கே!" என்றார் அவர். அந்த ஆள் பாராட்டினால் அதற்குள் ஏதோ இருக்கும். ஆனாலும் எனக்குக் குளிர்ந்துவிட்டது. இந்த ஒரு தடவையாவது கடைவீதி என் பேரைச் சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கெல்லர் துரை விறாந்தையில் ஒரு நாற்றுச் சட்டிக்குள் விரலை விட்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். வெள்ளைத் தாடி, தடித்த கண்ணாடி. தோட்டங்களில் சுற்றிச் சுற்றிப் பேசிப் பழகிய தமிழ்.

"நல்லையா, நான் என்ன செய்ய ஏலும்? லிங்கத்துட பொஞ்சாதியே வந்து தட்டத்தை வாங்கிட்டுப் போயிட்டா. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் இண்டைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல என்னோட பேச வாறான். அவன் தட்டம் கொண்டு வந்தா நான் எடுக்கத்தான் வேணும். வீட்டுக்கு வீடு புருஷன் ஒண்டு சொல்றது, பொஞ்சாதி ஒண்டு சொல்றது, அதுக்கெல்லாம் நான் பக்கம் மாற ஏலாது."

"வந்தது அவர் பொஞ்சாதி இல்லைன்னா?"

"அப்படியெண்டா தட்டம் திருட்டுத் தட்டம். நான் இன்னும் லிங்கத்துட ஆள்தான். ஆனா அதை எனக்குக் காட்டோணும்."

"முகத்தைப் பாத்தீங்களா துரை?"

"முக்காடு. என் கண்ணும் அப்படி. பொட்டு தெரிஞ்சிச்சு, சேலை தெரிஞ்சிச்சு. மெல்லத்தான் பேசினா."

"பேசினதை அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம."

கோர்ட்டில் பழகிய ஆள் அல்லவா, கெல்லர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். "'நான் லிங்கத்தோட பொஞ்சாதி. லிங்கம் தோட்டத்தோட சமாதானமாயிட்டாரு. லிங்கம்தான் தட்டத்தை வாங்கிட்டு வரச் சொன்னாரு.' அவ்வளவுதான். தட்டத்தைக் குடுத்தேன், போயிட்டா."

நல்லையா சிரித்தார். வாய் விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததைக் காட்டிக்கொள்ளவும் மனமில்லை. நானும் கொஞ்சம் சிரித்து வைத்தேன்.

"நீ ஏன்டா சிரிக்கிறே?" என்றார்.

"நீங்க சிரிச்சீங்களே!"

"உன் ராமலட்சுமி தப்பிச்சா. வடிவம்மாவும் தப்பிச்சா. ரெண்டு பேரும் ஒரே வாக்கியத்துல தப்பிச்சாங்க."

"அதெப்படி?"

"நீ கல்யாணம் கட்டாதவன். உனக்குத் தெரியாது." கடவுளே, எவ்வளவு ஆசையாகச் சொல்கிறார் பாருங்கள். அப்புறம் கெல்லரைப் பார்த்தார். "துரை, காணி வழக்குன்னா நீங்க காணியைப் போய்ப் பாப்பீங்கதானே?"

"பாக்காம எப்படிப் பேச ஏலும்?"

"அப்ப தொப்பியை எடுங்க. இதுவும் போய்ப் பாக்க வேண்டிய வழக்கு. கிளாக்கர் வர்றதுக்குள்ள திரும்பிரலாம்."

லிங்கத்தின் பின்கட்டில் பிரக்கிராசி துரையைப் பார்த்ததும் வீடே எழுந்து நின்றது. லிங்கம் நாற்காலியைத் துண்டால் துடைத்தார். வண்டிக்காரன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். நல்லையா உட்காரவே இல்லை. நேரே முற்றத்துக்குப் போனார்.

"ராமலட்சுமி, தாயி, ஒரு கேள்வி. இந்தக் கடை யாரோடது?"

"இதென்ன கேள்வி? மூத்தவங்களோடது."

"அவங்க பேரு?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயய்யோ! அவங்க பேரை நான் சொல்றதா? எங்க வீட்டுக்காரரோட அண்ணனாச்சே!"

நல்லையா கதவுப் பக்கம் போனார். "வடிவம்மா, நீங்க சொல்லுங்க. கடை யாரோடது?"

"இவங்களோடது." கதவுக்குப் பின்னால் இருந்து பதில் வந்தது.

"இவங்கன்னா யாரு? துரைக்கு விளங்கணும்."

வளையல் மட்டும் கதவில் உரசியது. லிங்கத்துக்குக் கோபம் வந்தது. "ஐயா, வீட்டுப் பொம்பளைகிட்ட புருஷன் பேரைக் கேக்கிறீங்களே, இதென்ன முறை?"

"முறைதான் லிங்கம், முறைதான்" என்றார் நல்லையா. அடுக்களை வாசலில் நின்ற வள்ளியம்மையைப் பார்த்து, அலட்சியமாக, ஏதோ நேரம் போகாமல் கேட்பது போலக் கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா. கடை யாரோடது?"

"லிங்கத்தோட கடைதான். வேற யாரோடது?"

சொல்லி முடித்த பிறகுதான் அவள் கெல்லரைப் பார்த்தாள். கெல்லர் நாற்காலியை விட்டு எழுந்திருந்தார்.

எனக்குத் தலையில் யாரோ குட்டின மாதிரி இருந்தது. கட்டின மனைவி அந்தப் பேரைச் சொல்ல மாட்டாள். தம்பி மனைவியும் சொல்ல மாட்டாள், அவளுக்கு அவர் மூத்தார். பிரக்கிராசி வீட்டில் வந்து நின்றவளோ மூன்று வாக்கியத்தில் மூன்று தடவை 'லிங்கம், லிங்கம்' என்றிருக்கிறாள். சேலையைக் கட்டிக்கொண்டாள், பொட்டு வைத்துக்கொண்டாள், நாக்கை மட்டும் மாற்ற மறந்துபோனாள். தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகின நாக்கு. நல்லையாவுக்கு இது கெல்லர் வீட்டிலேயே தெரிந்துவிட்டது. என் காதில் அதே வாக்கியம்தான் விழுந்தது. விழுந்து என்ன புண்ணியம்!

"இந்த வீட்டுல அந்தப் பேரைச் சொல்ற பொம்பளை நீங்க ஒருத்தர்தான்மா" என்றார் நல்லையா. குரல் தாழ்ந்துவிட்டது.

"அக்கா?" என்றார் லிங்கம். "நீயா?"

வள்ளியம்மை மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நேருக்கு நேர் நின்றாள்.

"ஆமா. நாந்தான். என்னடா செய்யப் போறே? இந்தக் கடை ஆரம்பிச்சப்ப கல்லாவுல உக்காந்தது யாரு? உன்னைத் தூக்கி வளத்தது யாரு? இவ வந்தா, என்னை அடுக்களைக்கு அனுப்பினே. சரின்னு போனேன். காணி வாங்கினே, இவ பேருக்கு எழுதினே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? பத்திரம் எழுதின அன்னிக்கு பாயசம் வைக்கச் சொன்னே. எதுக்குன்னு தெரியாமலே வச்சேன்டா நானு. அந்தக் காணி ஒழியணும்னு நெனச்சேன். இவளும் ஒழியணும்னு நெனச்சேன்."

"இப்படி ஒரு பொறாமையா?" ராமலட்சுமி சுளகோடு நின்றுவிட்டாள்.

"உனக்கு என்னடி தெரியும் பொறாமை? உனக்குச் சுங்குடி இல்லைன்னு பொறாமை. எனக்குக் கலர் துணியே இல்லை." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "அந்தச் சேலையைக் கட்டினேன். பொட்டு வச்சேன். கடைவீதியில நடந்தேன். எதுக்க வந்தவன் ஒருத்தனும் சகுனம் சரியில்லைன்னு ஒதுங்கல. பூக்காரி கூப்பிட்டா, 'வாங்கம்மா, பூ வாங்கிட்டுப் போங்க'ன்னு. தட்டத்தை வாங்கினதும் நேரா வீட்டுக்கு வந்திருக்கணும். வரல. கோயில் வரைக்கும் நடந்தேன். சும்மா நடந்தேன்."

பித்தளைத் தம்ளருக்காகப் பொருமினவன் நான். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை, பயமாக இருந்தது. பொறாமை இவ்வளவு தூரம் கொண்டுபோகுமா என்று தோன்றியது.

லிங்கம்தான் முதலில் அசைந்தார். முகம் செக்கச் சிவந்திருந்தது. "மூட்டையைக் கட்டு" என்று அக்காவிடம் கத்தினார். "வண்டி தயாரா நிக்கிது. கொஸ்லந்தையில பெரியம்மா மக இருக்கா, அங்க போய்க் கெட. இந்த வீட்டு வாசல்ல இனி உன் கால் படக் கூடாது!" அப்புறம் கதவுப் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமி, "வடிவு, பெட்டியை எறக்கச் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான். அதிலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தார்.

கதவு திறந்தது. வடிவம்மா வெளியே வந்தாள். வெளி ஆண்கள் முன்னால் அவள் முழுசாக வந்து நின்றது அதுதான் முதல் தடவை. கையில் அந்தப் பித்தளைத் தட்டம். வெற்றிலை பாக்கு அடுக்கியிருந்தது. எப்போது அடுக்கினாள் என்று யாருக்கும் தெரியாது.

"வண்டியை எனக்குத்தானே கூப்பிட்டீங்க? நானே ஏறுறேன்" என்றாள்.

"அதான் நீ இல்லைன்னு தெரிஞ்சுபோச்சே!"

"அக்கா பொறாமையில செஞ்சாங்க. நீங்க எதை வச்சு நம்புனீங்க?"

"சேலை... தட்டம் உன் பெட்டிக்கு அடியில..."

"சேலையைப் பாத்தீங்க, தட்டத்தைப் பாத்தீங்க. என்னை எங்க பாத்தீங்க?"

வடிவம்மா வள்ளியம்மையிடம் போனாள். தொடவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. கண்ணில் தண்ணீருக்குப் பதில் நெருப்புதான் இருந்தது.

"அக்கா, நீங்க எங்கயும் போக வேணாம். கல்லாவுல போய் உக்காருங்க, கடை தொறந்து கெடக்கு. நான் திரும்பி வந்தா உங்களோட நானே சண்டை போட்டுக்கிறேன். அது நமக்குள்ள." அப்படியே வாசலுக்குப் போய் வண்டியில் ஏறி, "பிரக்கிராசி ஐயா வீட்டுக்கு ஓட்டுப்பா" என்றாள்.

வண்டிக்காரன் லிங்கத்தைப் பார்த்தான். லிங்கம் நல்லையாவைப் பார்த்தார். நல்லையா கூரையைப் பார்த்தார். வண்டி கிளம்பிவிட்டது.

கெல்லரும் நாங்களும் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனோம். லிங்கம் செருப்புக்கூடப் போடாமல் வந்தார். கெல்லர் வீட்டு விறாந்தையில் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார், கோட்டும் தொப்பியுமாக. அவர் பக்கத்து முக்காலியிலும் ஒரு தட்டம் இருந்தது. பளபளவென்று புதுத் தட்டம்.

வடிவம்மா கிளாக்கரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கெல்லர் மேசைக்குப் பின்னால் போய் உட்காரும் வரைக்கும் பொறுத்திருந்து, தன் தட்டத்தை அவர் முன்னால் வைத்தாள்.

கெல்லர் தாடியைச் சொறிந்துகொண்டார். ஒரு தடவை ஏமாந்த மனுஷன். "அம்மா, இந்த முறை எனக்குச் சரியா விளங்கோணும். யாருட பேருல என்னை அமர்த்துறீங்க? உங்கட வாயால புருஷன் பேரைச் சொல்ல ஏலாதெண்டு இப்ப எனக்குத் தெரியும். வேற ஆரும் சொல்லட்டும்."

லிங்கம் படியில் ஒரு கால் வைத்தார். மேல் துண்டைச் சரிசெய்துகொண்டு, தன் பேரைச் சொல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"காணி யாரு பேருல இருக்குங்க?" என்று வடிவம்மா கெல்லரைக் கேட்டாள்.

"உங்கட பேருலதான்."

"அப்ப என் பேரைக் கேளுங்க. வடிவம்மா."

கெல்லர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தட்டத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, வேட்டியில் துடைக்கிறவர் மாதிரிக் கால்சட்டையில் துடைத்து, வாயில் போட்டு மென்றார். பெரிய கிளாக்கர் தன் புதுத் தட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து போனார்.

நல்லையா என்னை இடித்தார். "கண்டுபிடிச்சது நான். ஆனா இந்த வழக்கை ஊர் அந்தம்மா பேருலதான் சொல்லும், பாரு." அவர் குரலில் கேட்டது என்ன தெரியுமா? பொறாமை. சத்தியமாகப் பொறாமை. எனக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் சோறே வேண்டியிருக்கவில்லை.

லிங்கம் இன்னும் படியிலேயே நின்றார், ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. "நான் உள்ள வரலாமா, வடிவு?" என்று கேட்டார். கடைவீதியில் அந்த மனுஷன் யாரிடமும் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. வடிவம்மாவுக்கு அது கேட்டது. தோள் ஒருமுறை அசைந்தது. ஆனால் அவள் திரும்பவில்லை. தோட்டத்தார் ஓடையை எந்தப் பக்கம் வெட்டித் திருப்பினார்கள் என்று மேசையில் விரலால் கோடு போட்டு, கெல்லருக்குக் காட்ட ஆரம்பித்திருந்தாள்.